கொரில்லாவைப் பார்க்கவில்லையா, பார்த்ததைச் சொல்ல முடியவில்லையா?

கவனத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே கொரில்லா வீடியோ வந்துவிடுகிறது. டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோபர் சாப்ரிஸும் 1999-இல் வெளியிட்ட ஆய்வு அது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் எத்தனை முறை பந்தைக் கைமாற்றுகிறார்கள் என்று எண்ணச் சொல்வார்கள். நடுவில் கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்துபோவார். ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படி எதையும் பார்க்கவில்லை என்றார்கள். கறுப்புச் சட்டை அணியை எண்ணியவர்களில் அதிகம் பேர் கண்டுபிடித்தார்கள், கொரில்லாவும் கறுப்பு என்பதால்.

இதை வைத்துக்கொண்டு 'கவனம் இல்லையேல் பிரக்ஞை இல்லை', அதாவது கவனிக்காதது அனுபவத்துக்கே வராது, என்று பலர் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பரிசோதனையில் கேள்வி எப்போது கேட்கப்படுகிறது என்று பாருங்கள்: வீடியோ முடிந்த பிறகு. அதற்குள் மறந்துபோயிருக்கலாமே! பார்த்தது நினைவில் ஏறாமல் போவதும், பார்க்கவே பார்க்காததும் பதிலில் ஒரே மாதிரிதான் இருக்கும். உளவியலாளர் ஜெரமி வுல்ஃப் 1999-லேயே இந்த மறதி விளக்கத்தை முன்வைத்தார். இன்னொரு சிக்கல், 'எதையாவது கவனித்தீர்களா?' என்ற கேள்வியே. அரைகுறையாகத் தெரிந்தவர், நிச்சயமில்லாததால் 'இல்லை' என்றுதான் சொல்வார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இதே வகைச் சோதனை ஒன்றில், அப்படி 'இல்லை' என்றவர்களிடமே, எதிர்பாராமல் தோன்றிய உருவம் எந்தப் பக்கம் வந்தது, என்ன நிறம் என்று ஊகிக்கச் சொன்னபோது, குருட்டாம்போக்கில் வருவதைவிட அதிகமாகவே சரியாகச் சொன்னார்கள். ஊகம் சரியானதாலேயே அதைப் பிரக்ஞை என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. ஆனால் கவனிக்காதவர் 'முழுக் குருடு' என்ற பேச்சு இனி செல்லாது.

ஜார்ஜ் ஸ்பெர்லிங்கின் 1960 பரிசோதனை இதைவிட நுட்பமானது. 12 எழுத்துகள், மூன்று வரிசை, வரிசைக்கு 4. திரையில் 50 மில்லி விநாடிதான் தெரியும். எல்லாவற்றையும் சொல்லச் சொன்னால் நாலைந்துக்கு மேல் வராது. எழுத்துகள் மறைந்தவுடனே ஓர் ஒலி: உச்ச ஒலி என்றால் மேல்வரிசை, நடுத்தரம் என்றால் நடுவரிசை, தாழ்ந்தது என்றால் கீழ்வரிசை. இப்போது எந்த வரிசையைக் கேட்டாலும் 4-இல் ஏறக்குறைய 3 வந்துவிடுகிறது. எந்த வரிசை கேட்கப்படும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே மூன்று வரிசையும் ஏதோ ஒரு வடிவில் இருந்திருக்க வேண்டும். ஒலி வர ஒரு விநாடி தாமதித்தால் இந்த ஆதாயம் போய்விடும். தத்துவவாதி நெட் பிளாக் இதைக் காட்டித்தான், அனுபவம் சொல்லக்கூடியதைவிடப் பெரியது என்று வாதாடுகிறார். நரம்பியல் ஆய்வாளர் ஸ்டானிஸ்லாஸ் டெஹேன் தரப்போ, மூளை முழுக்க ஒலிபரப்பாகும் தகவல்தான் பிரக்ஞை, மீதி கவனம் திரும்பினால் பிரக்ஞைக்கு வரக்கூடிய வெறும் தயார்நிலை என்கிறது. ஸ்பெர்லிங்கின் தரவு மட்டும் இந்த வழக்கை முடிக்காது.

எதிர்த்திசை வழக்கு இதைவிடத் தெளிவு. கவனம் இருந்தும் பிரக்ஞை இல்லாமல் இருக்க முடியும். ராபர்ட் கென்ட்ரிட்ஜ், சார்லஸ் ஹேவுட், லாரன்ஸ் வைஸ்க்ரான்ட்ஸ் மூவரும் 1999-இல் ஜி.ஒய். என்று குறிக்கப்படும் ஒருவரைச் சோதித்தார்கள். மூளையில் பார்வையைக் கையாளும் பகுதியான பார்வைப் புறணி சேதமானதால் அவருக்குப் பார்வைப்புலத்தின் ஒரு பாதி தெரியாது. இலக்கு எங்கே வரும் என்று நடுவிலிருந்து ஓர் அம்புக்குறி காட்டினால், தெரியாத அந்தப் பாதியில் அங்கே வரும் இலக்குக்கு அவர் வேகமாகப் பதிலளித்தார். ஆனால் இலக்கைக் கண்டதாகச் சொல்லவில்லை. கவனம் தன் வேலையைச் செய்துவிட்டது, பிரக்ஞை வரவில்லை. எனவே இரண்டும் ஒன்றே என்ற கோட்பாடு இங்கேயே விழுகிறது. கவனம் இல்லாமலும் பிரக்ஞை இருக்குமா என்பதுதான் இன்னும் அடிதடி நடக்கும் இடம்.

2013-இல் டிராஃப்டன் ட்ரூவும் குழுவினரும் நுரையீரல் சி.டி. படங்களில் ஒரு கொரில்லாவை ஒட்டினார்கள். வழக்கமான கட்டியைப்போல் 48 மடங்கு பெரியது. 24 கதிரியக்க மருத்துவர்களில் 20 பேர் சொல்லவில்லை; அவர்களில் 12 பேரின் கண் நேராக அதன்மேல் பட்டிருந்ததைக் கண்காணிப்புக் கருவி காட்டியது. கண் எங்கே போனது என்ற தரவை மட்டும் வைத்து ஒருவர் 'பார்த்துவிட்டார்' என்று எழுதும் எந்த ஆய்வையும், இதற்குப் பிறகு நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன்.