றொக் டீஜேக்கு ஒரு முழு இரவு கொடுங்கள்

கொழும்பு நைட் கிளப்களில் றொக் போடுகிற டீஜேக்களைப் பற்றிக் கதைத்தால், "அதில் என்ன பெரிய வேலை, ஒரு பாட்டு முடிய அடுத்ததைப் போடுவதுதானே" என்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

ஹவுஸ், டெக்னோ போன்ற எலெக்ட்ரோனிக் ஆட்ட இசை போடுகிறவருக்குப் பாட்டே கைகொடுக்கும். பெரும்பாலும் மெஷினில் செய்த தாளம், வேகம் கடைசிவரை மாறாது. ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றுவதற்கென்றே முன்னும் பின்னும் வெறும் தாளத்தை நீட்டி வைத்திருப்பார்கள். பழைய றொக்கில் ட்ரம்ஸ் அடிப்பவர் கோரஸ் வந்ததும் உற்சாகத்தில் கொஞ்சம் வேகம் கூட்டிவிடுவார், பிறகு இறக்குவார். அடுத்த பாட்டின் தாளத்தோடு பொருத்துவதற்கு, இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிளில் வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பாட்டுக்குள்ளேயே அலைகிற வேகத்தை எவ்வளவு நேரம் துரத்துவது? அதனால் றொக் டீஜே பாட்டுத் தெரிவையே நம்பியிருக்கிறார். எந்தப் பாட்டின் கடைசி அடிக்குப் பின்னால் எந்த கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் வரி) விழ வேண்டும், ஆடுகிறவர்களுக்கு எப்போது மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த நிமிடம் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து எடுக்கிற முடிவுகள்.

எங்கள் ஊரில் பார்ட்டி என்றால் பைலாவில்தான் முடியும். 6/8 தாளம் கேட்டதும் மூலையில் இருந்த மாமாவும் எழும்பிவிடுவார். நானும் ஆடுவேன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. றொக்குக்கு மட்டும் ஏன் இடையில் ஒரு கால் மணி நேரம், அதிலும் எல்லோருக்கும் மனப்பாடமான அதே நாலு பாட்டு?

லண்டன் கிங்ஸ்பரியில் 1970களில் நீல் கே என்ற டீஜே, பப் ஒன்றோடு சேர்ந்த மண்டபத்தில் றொக்கின் கனத்த வகையான ஹெவி மெட்டல் இசைத்தட்டுகளையே போட்டார். அங்கே வந்தவர்கள் விரும்பிக் கேட்ட பாட்டுகளின் பட்டியல் 'சவுண்ட்ஸ்' என்ற இசை இதழில் வெளியானது. அவர் கைக்கு வந்த ஒரு டெமோ டேப்பில் (மாதிரிப் பதிவில்) இருந்த பாட்டு அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த டேப், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் குழுவினுடையது. 1979இல் அந்த டேப்பைத் தட்டாக வெளியிட்டபோது அந்த மண்டபத்தின் பெயரையே வைத்தார்கள். அடுத்த வருடம் ஈஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் அவர்களின் முதல் ஆல்பத்தை வெளியிட்டது. ஆட வந்த கூட்டத்துக்குத் தெரியாத பாட்டைப் போடத் துணிந்த ஒரு டீஜேயும் அதற்கு ஒரு காரணம்.

இங்கேயும் ஸ்டிக்மாட்டா மாதிரி மெட்டல் குழு உருவாகியிருக்கிறது. வீட்டு அறைக்குள் பழகித் தமிழில் றொக் பாடிப் பதிவு செய்கிற பெடியன்களும் இருக்கிறார்கள். அந்தப் பதிவுகள் ஃபோனுக்குள்ளேயே கிடக்கின்றன. பெரிய ஸ்பீக்கரில், வியர்வையோடு நிற்கிற கூட்டத்துக்கு நடுவே கேட்டால்தான் அவற்றின் பலம் தெரியும்.

றொக் போட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளிமார் பயப்படுகிறார்கள். சரி, வெள்ளியும் சனியும் வேண்டாம். கூட்டம் குறைந்த புதன்கிழமைகளில் மாதம் ஒன்றைக் கொடுங்கள்.

டீஜே நண்பர்களே, உள்ளூர்க் குழுவின் பாட்டை மண்டபம் காலியாக இருக்கும் எட்டு மணிக்குப் போட்டுத் தள்ளிவிடாதீர்கள். நள்ளிரவு நெருங்க, கூட்டம் நிறைந்திருக்கும்போது போடுங்கள். முடிந்ததும் மைக்கை எடுத்துக் குழுவின் பெயரையும் சொல்லுங்கள்.