மனைவியும் உயில் எழுத வேண்டும்

எங்கள் தருமபுரிப் பக்கம் "உயில் எழுதியாச்சா?" என்று ஆண்களிடம் மட்டும்தான் கேட்பார்கள். அதுவும் எழுபது வயது தாண்டி, ஒருமுறை சேலத்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு. வீட்டுக்காரர் எழுதிவிட்டால் குடும்பத்துக்கே எழுதின மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த அம்மா பெயரில் வாங்கிய வீட்டு மனை, பிறந்த வீட்டுப் பங்காக வந்த அரை ஏக்கர், நகை, வைப்புத்தொகை எல்லாம் யாருக்கு என்று ஒருவரும் பேசுவதில்லை. கணவனும் மனைவியும் ஒரே நாளில், தனித்தனியாக, ஒரே மாதிரி இரண்டு உயில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. நானும் என் வீட்டுக்காரரும் அப்படித்தான் எழுதிப் பதிந்திருக்கிறோம்.

விஷயம் தெரிந்ததும் என் நாத்தனார், "ரெண்டு பேரும் நல்லா இருக்கறப்ப எதுக்கு அண்ணி இந்த வேண்டாத பேச்சு?" என்றார். நல்லா இருக்கும்போது எழுதினால்தான் அது உயில். சுயநினைவோடு எழுதினாரா, யாராவது கையைப் பிடித்துப் போட வைத்தார்களா என்ற சண்டையெல்லாம் படுக்கையில் வாங்கும் கைநாட்டில்தான் ஆரம்பிக்கிறது.

பெண்கள் உயில் எழுதாமல் போனால் என்ன ஆகும் என்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்த பெண்களுக்கே இது தெரியவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவைப் பாருங்கள். ஒரு பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவள் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும். சரி. பிள்ளைகளும் இல்லை, கணவனும் இல்லை என்றால்? கணவனின் வாரிசுகளுக்குப் போகும். பெற்ற தாய் தகப்பன் அதற்கும் பின்னால்தான் வருகிறார்கள். அவள் சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கும் இதுதான் வரிசை. தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாவிட்டால் தகப்பன் வழிக்குத் திரும்பும்.

2009-ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த ஒரு வழக்கை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. கல்யாணம் ஆன மூன்றே மாதத்தில் கணவன் இறந்துவிட, அந்தப் பெண்ணைப் புகுந்த வீட்டார் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில்தான் அவளைப் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாள். உயில் எழுதாமல் இறந்துபோனாள். அவள் சம்பாத்தியத்தைப் பெற்ற தாயும் கேட்டார், கணவனுடைய அக்கா தங்கை பிள்ளைகளும் கேட்டார்கள். சட்டத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லி, நீதிமன்றம் கணவன் வழி ஆட்களுக்கே கொடுத்தது. 2025 நவம்பரில் அதே உச்ச நீதிமன்றம், பெண்கள், குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வைத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டது. எங்கள் ஊர்ச் சுய உதவிக் குழுக் கூட்டங்களில் கடன் தவணையோடு இதையும் பேசினால் நன்றாக இருக்கும்.

ஆண் பக்கத்துச் சிக்கல் வேறு. அவர் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, மகன், மகள், அவருடைய அம்மா எல்லோருக்கும் சமபங்கு. அப்பா இந்த முதல் வரிசையில் இல்லை. என் மாமியார் நன்றாக இருக்கிறார், அதனால் எங்கள் பாலக்கோட்டு நிலம் நான்காகப் பிரிந்திருக்கும். அவர் பங்கு அவர் காலத்துக்குப் பிறகு என் கொழுந்தனார், நாத்தனார் எல்லோருக்கும் போகும். அதில் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பிறகு கிணற்றை ஆழப்படுத்தக் கடன் வாங்கக்கூட பெங்களூரிலும் ஓசூரிலும் இருக்கிற ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் நான் காத்திருக்க வேண்டும். அதனால் அவர் உயிலில் நிலம் எனக்கு, மாமியாரின் சாப்பாடும் வைத்தியமும் அந்த வருமானத்திலிருந்து என்று எழுதியிருக்கிறார். என் உயிலில் மனை அவருக்கு, என் அம்மாவை அதே மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் எழுதியிருக்கிறேன்.

எழுதப் போகும்போது பலர் "ஒரே பத்திரத்தில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுடுங்க, வேலை முடிஞ்சுது" என்று சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். கூட்டு உயில் எழுதியவர்களில் ஒருவர் இறந்த பிறகு, மற்றவர் அதை மாற்றலாமா கூடாதா என்ற கேள்வி வரும். ஒருவரை நம்பி ஒருவர், இனி மாற்றுவதில்லை என்று ஒப்பந்தமாக எழுதியிருந்து, உயிரோடு இருப்பவர் அதன் பலனையும் வாங்கிக்கொண்டால், பிறகு மாற்ற முடியாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அப்படி ஒப்பந்தம் இருந்ததா இல்லையா என்பதையே ஒரு வழக்காக நடத்த வேண்டியிருக்கும். தனித்தனி உயிலில் அந்தக் குழப்பம் கிடையாது. உயிரோடு இருக்கும்வரை, புத்தி தெளிவாக இருக்கும்வரை, அவரவர் உயிலை அவரவர் மாற்றலாம்.

அங்கேதான் எல்லோருக்கும் பயம். நான் போன பிறகு அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளை விட்டுவிட்டால்? அவர் போன பிறகு நான் மகளுக்கே எல்லாவற்றையும் எழுதிவிட்டால்? இந்தப் பயத்தில்தான் நம் ஊர் உயில்களில் "மனைவி ஆயுள்வரை அனுபவித்து, பிறகு மகன்கள் அடைய வேண்டியது" என்ற வரி வருகிறது. எனக்கு அந்த வரி பிடிக்காது. ஆயுள் அனுபவம் மட்டும் உள்ள பெண் அவசர வைத்தியத்துக்கு ஒரு சென்ட் நிலத்தைக்கூடத் தன் விருப்பப்படி விற்க முடியாது. அப்படி எழுதியது வெறும் அனுபவமா, முழு உரிமையா என்று பல குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. முப்பது வருஷம் கூட இருந்து களை எடுத்தவளுக்கு முழு உரிமையாகவே கொடுக்கட்டும். மாற்றிவிடலாம் என்ற ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. அதை ஏற்றுக்கொண்டுதான் நாங்கள் எழுதினோம். யார் கடைசிவரை பார்த்துக்கொண்டார்கள் என்பது அப்போது இருக்கிறவருக்குத்தானே தெரியும். முதல் தாரத்துப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் மட்டும் இது பொருந்தாது. அவர்களுக்குரியதை நேராக அவர்கள் பெயருக்கே எழுதிவிட வேண்டும்.

இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும். எனக்கு அவர், அவருக்கு நான் என்று மட்டும் எழுதி நிறுத்திவிடக் கூடாது. மாதம் ஒரு முறையாவது விபத்துக்குப் பேர்போன தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போகிற நம் ஊர்க்காரர்களுக்கு, இருவரும் ஒன்றாகப் போய்விடலாம் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யார் முதலில் இறந்தார்கள் என்று தெரியாவிட்டால், வேறு நிரூபணம் இல்லாதவரை, வயதில் இளையவர் பின்னால் இறந்ததாக இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் இளையவர் மனைவி. அவருடைய உயில் கணவனுக்கு என்று மட்டும் சொன்னால் அந்த வார்த்தை செல்லாமல் போய், திரும்பவும் 15-வது பிரிவுதான். பிள்ளை இல்லாத தம்பதிகள் இதை இரண்டு முறை படியுங்கள். "அவர் எனக்கு முன்பே இறந்திருந்தால் இன்னாருக்கு" என்று ஒரு வரி போதும்.

மற்றவை சுருக்கமாக. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலில் பங்கு வாங்காதவர்களாக, உங்களைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள், வழக்கு என்று வந்தால் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும். பிரிக்காத பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை மட்டும்தான் எழுதலாம். வங்கியில் நாமினி போட்டால் பணத்தை அவர் வாங்கிக்கொள்வார், அதனாலேயே அது அவருக்குச் சொந்தமாகாது, உயிலிலும் எழுதுங்கள். நான் சொன்ன பிரிவுகள் இந்துக்களுக்கு உரியவை. இஸ்லாமியர் உயிலில் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, வாரிசுக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். கிறிஸ்தவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இரண்டு உயிலிலும் என்ன இருக்கிறது, எந்தப் பீரோவில் இருக்கிறது என்று மகனையும் மகளையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டோம். நிலத்தில் ஒரு துண்டை விற்றாலோ, புதிதாக ஒன்றை வாங்கினாலோ, இரண்டையும் சேர்த்தே மாற்றி எழுதுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.