எல் போர்டு கண்ணுக்குத் தெரியலையா?

வண்டிக்குப் பின்னாடி அவ்வளவு பெருசா எல் போர்டு ஒட்டியிருக்கு. சிக்னல் பச்சை விழுந்து ஒரு வினாடி ஆகலை, அதுக்குள்ள ஹாரன். எதுக்குங்க?

கிளட்சை விடும்போது ஒரு இடத்துலதான் இன்ஜினோட இழுவை சக்கரத்துக்குப் போக ஆரம்பிக்கும். லேசா ஒரு நடுக்கம் வரும், அதைக் காலால உணரணும். பொசுக்குன்னு விட்டா இன்ஜின் திணறி நின்னுடும். இதைப் பழகத்தானே ரோட்டுக்கே வர்றோம்? முதுகுக்குப் பின்னால அலறினா கால் எப்படி நிதானமா இருக்கும்? ஏற்றத்துல இன்னும் கொடுமை. ஹேண்ட் பிரேக், கிளட்ச், ஆக்சிலரேட்டர், மூணையும் ஒண்ணா சமாளிக்கணும். அந்த நேரம் பார்த்து ஒருத்தர் பம்பரை உரசுற மாதிரி வந்து நிப்பார். வண்டி ஒரு அடி பின்னால உருண்டா என்ன ஆகும்னு யோசிக்கவே மாட்டாங்களா?

50 கிலோமீட்டர் வேகத்துல வினாடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடிடும், அதனால முன்வண்டிக்கு 2 வினாடி இடைவெளி விடணும்னு சொல்லித் தர்றாங்க. விட்டா உடனே ஒருத்தர் நுழையறார். மறுபடி விட்டா இன்னொருத்தர். நான் கத்துக்கிறதா, வழி விட்டுக்கிட்டே இருக்கிறதா?

நேத்து முதல்முறையா பத்து நிமிஷம் வண்டி ஒரு தடவைகூட ஆஃப் ஆகலை. அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அடுத்த சிக்னல்ல ஆஃப் ஆச்சு. பக்கத்துல வந்தவர் கண்ணாடியை இறக்கித் திட்டிட்டுப் போனார். கண்ணு கலங்கிடுச்சு. அவரும் ஒருநாள் இதே கிளட்ச்சோட போராடினவர்தானே?