சும்மா பார்க்கவும் விடமாட்டீர்களா?

மட்டக்களப்பிலிருந்து வந்தவன் கொழும்புப் புறக்கோட்டைக் கடைத்தெருவைச் சும்மா சுற்றிப் பார்க்கக் கூடாதா? இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசல். அந்தச் சிவப்பு வெள்ளை வரிகளை நிமிர்ந்து பார்த்து மூன்று விநாடி இருக்காது, "அண்ணா, சாரம் பாருங்க!" ஒருவர் கையைப் பிடிக்கிறார், இன்னொருவர் என் பையையே பிடிக்கிறார். பின்னால் மூட்டை வண்டி. இடுப்பில் இடித்தபிறகுதான் "விலகு, விலகு!" என்ற சத்தம் வருகிறது. என்ன கரிசனை!

நகைக்கடைகள் நிறைந்த செட்டியார் தெருவில் கதிரேசன் கோயிலுக்கு வழி கேட்டேன். பவுன் விலையைச் சொன்னார்கள். நான் என்ன, தாலிக்கொடி வாங்க வந்த மாப்பிள்ளையா? சட்டைப்பையில் கிடந்ததே பஸ் காசு.

சரி, வெள்ளவத்தைக்காவது போவோமென்று ஓட்டோவை மறித்தேன். மீட்டர் இருந்தது. அதற்குமேல் துவாய் போர்த்தித் தூங்கவைத்திருந்தார்.