கொடிமரம் கொடுத்தால் சம்பள பாக்கி தீராது

ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு நடந்த பொன்னாடை விஷயம் எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்தவர்களில், எல்லோருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். கடைப் பெண்களுக்கு மூன்று மாதச் சம்பளம் தராதவர் கோயிலுக்குக் கொடிமரம் செய்து கொடுத்தார், அவருக்குப் பொன்னாடை போர்த்தியபோது நாம் கை தட்டினோம். நானும் தட்டினேன். இரண்டு நாளாக உறுத்துகிறது.

கேட்டால், "வியாபாரம் வேற, விசுவாசம் வேற" என்கிறார் ஒரு சகோதரர். எப்படி வேறு? நியாயமற்ற கூலி கொடுப்பது ஏழாம் கட்டளைக்கு எதிரானது, அதாவது களவு, என்று நம் மறைக்கல்வி நூலிலேயே இருக்கிறது. "சம்மதிச்சுத்தானே வேலைக்கு வந்தாங்க?" என்பவர்களுக்கும் அங்கே பதில் உண்டு: இரு தரப்பும் ஒத்துக்கொண்டதால் மட்டும் ஒரு கூலி நியாயமாகிவிடாது. கூலியை ஏமாற்றுவது வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என்று 1891இலேயே திருத்தந்தை 13ஆம் லியோ சுற்றுமடல் எழுதிவிட்டார். தான் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு முக்கியக் காரணம் அந்த மடல் என்று 2025இல் இப்போதைய திருத்தந்தை 14ஆம் லியோவே சொன்னார். வேறு வேறாம்!

என் அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒருமுறை எடைக்கற்களைச் சரிபார்த்து அரசு முத்திரை போடக் கொண்டுபோனபோது, ஒரு கிலோ எடைக்கல்லில் அடைத்திருந்த ஈயம் எப்போதோ விழுந்துவிட்டது தெரிந்தது. தெரிந்து செய்ததல்ல. ஆனாலும் பற்று நோட்டை எடுத்துவைத்து, கடன் சொல்லி வாங்கும் வீடுகளுக்கெல்லாம் அந்த மாதம் சீனி கூடுதலாகக் கட்டினார். அம்மா சண்டை போட்டார். "பைபிள்ல வரி வசூலிச்ச சக்கேயு, ஏமாத்தினதுக்கு நாலு மடங்கு கொடுத்தான், நான் ஒரு மடங்குதானே கொடுக்கிறேன்" என்றார் அப்பா.

இதைப் பேசினால் உங்களில் சிலர் "தீர்ப்பிடாதீர்கள்" என்று பைபிள் வசனம் போடுகிறீர்கள். அவருடைய ஆன்மாவை நான் தீர்ப்பிடவில்லை. மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்கிறேன். வியாபாரம் மந்தமா? சரி, இருக்கலாம். அப்படியானால் கொடிமரத்துக்குக் கொடுத்தது யாருடைய பணம்?

என் அக்கா இப்படியொரு கடையில் ஆறு வருஷம் நின்றாள். நின்றாள் என்றால், நின்றுகொண்டேதான். கடையில் வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021இல்தான். இரவு வீங்கிய கால்களைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்வாள். அவளுடைய கடைசி மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. அந்த முதலாளிக்கும் கோயிலில் முன்வரிசை.

இந்தப் பதிவை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளைங்க பேரை எழுதிடாதே. இருக்கிற வேலையும் போயிரும்" என்றாள்.

எழுதவில்லை.