குறட்டை விடும் நாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்

எங்கள் வீட்டு பக் நாய் தூங்கும்போது குறட்டை விடும். அதை வீடியோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பி எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். போன மாதம் கால்நடை மருத்துவரிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "இது குறட்டை இல்லைங்க, மூச்சு விடச் சிரமப்படுது" என்றார். மூக்குத் துவாரம் வெறும் கீறல் மாதிரி இருக்கிறது, உள்ளே அண்ணத்தின் சதை நீண்டு மூச்சுப் பாதையை மறைக்கிறது. இதெல்லாம் நோய் வந்து ஆனதல்ல. தட்டை முகம்தான் அழகு என்று மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கியதில் மண்டையோடு குறுகிவிட்டது, உள்ளிருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

வளர்ப்புப் பிராணிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் நானும் வழக்கமாக ஒன்றைச் சொல்வேன்: "காட்டில் இருந்தால் பட்டினியும் நோயும்தான், நம்மிடம் ராஜா மாதிரி இருக்கிறது."

இதன் முதல் பாதியை இப்போதும் மறுக்கமாட்டேன். காட்டு வாழ்க்கை சுகமானதல்ல. பிறக்கிற குட்டிகளில் பல வளர்வதற்குள் செத்துப்போகின்றன. கால் ஒடிந்த ஓநாய்க்குக் கட்டுப் போட ஆள் கிடையாது. ஜெர்மனியில் பான் நகரத்துக்குப் பக்கத்தில் 1914-ல் ஒரு புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. அந்தக் குட்டி டிஸ்டெம்பர் என்ற, நாய்களைத் தாக்கும் வைரஸ் நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்று அதன் பற்கள் காட்டுகின்றன. யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளாமல் அத்தனை நாள் பிழைத்திருக்காது என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத நோயாளிக் குட்டி அது. அன்பு பொய் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் பாதியில்தான் சிக்கல்.

எண்ணிக்கையைக் காட்டிச் சிலர் வாதாடுவார்கள். மாடுகளின் காட்டு மூதாதையான ஆரோக்ஸ் 1627-ல் போலந்தில் அடியோடு அழிந்துபோனது, வளர்ப்பு மாடுகளோ இன்று நூறு கோடிக்கும் மேல். யார் ஜெயித்தது? ஆனால் எண்ணிக்கை என்பது இனத்தின் கணக்கு. வலி தனித்தனி உடம்புக்கு. காட்டுக்கோழி வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணைக்கோழி முந்நூறு வரை இடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் எலும்பிலிருந்தும் போவதால், எலும்பு தேய்ந்து உடைகிறது. கறிக்கோழிக்கு ஆறேழு வாரம்தான் ஆயுள். இதை ஜெயிப்பு என்று கோழியிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

செம்மறி ஆட்டின் கதை இன்னும் விசித்திரம். காட்டுச் செம்மறிகளுக்கு ரோமம் தானாக உதிரும். கம்பளிக்காக வளர்க்கும் மெரினோ இன ஆட்டுக்கு உதிராது, நாம் அப்படி ஆக்கிவிட்டோம். 2015-ல் ஆஸ்திரேலியாவில் மந்தையை விட்டுப் பிரிந்து திரிந்த ஓர் ஆட்டைப் பிடித்துக் கத்தரித்தார்கள். 40 கிலோவுக்கு மேல் ரோமம்! அதைச் சுமந்துகொண்டு நடக்கவே திணறியிருக்கிறது. "பார், மனிதன் இல்லாவிட்டால் ஆடு செத்துப்போகும்" என்று அப்போது பலர் சொன்னார்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன், வேறு தொனியில். நாமே ஒரு குறையை உண்டாக்கிவிட்டு, அதை நிரப்புவதற்கு நன்றியையும் எதிர்பார்க்கிறோம்.

சரி, கதவைத் திறந்துவிட்டுப் பார்க்கலாமே, பிடிக்காவிட்டால் போய்விடுமே என்பீர்கள். சிறுவயதில் நான் செய்ததும் அதுதான். லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற பட்ஜெரிகார் ஒன்று கூண்டில் தனியாக இருந்தது. கதவைத் திறந்து வைத்தேன். வாசல் வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. "பாத்தியா, அதுக்கே இங்கதான் பிடிச்சிருக்கு" என்றார் அப்பா. வெகு காலம் அதை நம்பினேன். ஆஸ்திரேலியாவில் அந்தப் பறவைகள் ஆயிரக்கணக்கில் கூட்டமாகப் பறக்கிற படத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. கூண்டிலேயே பிறந்த பறவை வெளியே போக எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கும்?

ஆனால் இதோடு முடித்துக்கொண்டால் நேர்மையாக இருக்காது. 1959-ல் சோவியத் விஞ்ஞானி திமித்ரி பெல்யாயெவ் ஒரு சோதனை தொடங்கினார். மனிதனைக் கண்டு மிரளாத வெள்ளி நரிகளை மட்டும் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளிலேயே வாலாட்டிக்கொண்டு கையை நக்க வந்தன குட்டிகள். மிரட்சிக்கான ஹார்மோன்களும் குறைந்திருந்தன. அதாவது அவை நடிக்கவில்லை, மனசே மாறிவிட்டது. என் நாயும் அப்படித்தான். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் குதிக்கிற குதி நிஜ சந்தோஷம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கஷ்டம் என்னவென்றால், அந்தக் குதியிலேயே அவனுக்கு மூச்சு வாங்குகிறது.

அதனால் "செல்லப்பிராணி வளர்ப்பதே அடிமைத்தனம்" என்ற கட்சியில் நான் சேரவில்லை. தெருவில் அநாதையாகக் கிடந்ததை எடுத்து வளர்ப்பவர்கள் மேல் எனக்கு மரியாதைதான் உண்டு. என் கோபம் உருவத்துக்காக உடம்பைக் கெடுத்து இனம் பெருக்குவதன் மேல், அதைக் காசு கொடுத்து வாங்கிய என் மேலும்தான். நார்வேயின் உச்ச நீதிமன்றம் 2023-ல் கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்ற நாய் இனத்தைப் பெருக்குவது விலங்கு நலச் சட்டத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. சுவிட்சர்லாந்தில் கினிப் பன்றியைத் துணையில்லாமல் ஒற்றையாக வளர்க்கக் கூடாது என்றே சட்டம் இருக்கிறது. இதைக் கேட்டு முன்பு சிரித்திருக்கிறேன், அந்தப் பட்ஜெரிகாரை மறந்துவிட்டு.

அடுத்த வாரம் அவனுக்கு மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். குறட்டை வீடியோக்களை இன்னும் அழிக்கவில்லை, மருத்துவர் பழையதையும் பார்க்க வேண்டும் என்றிருக்கிறார்.