ஏழு சக்கரம் எல்லா மரபிலும் இல்லை

உடலில் உள்ளதாகச் சொல்லப்படும் சக்தி மையங்களைத்தான் சக்கரங்கள் என்கிறார்கள். "எல்லா மரபுகளும் ஒரே ஏழு சக்கரங்களைத்தான், அதே வானவில் நிறங்களோடு, வேறு வேறு பெயரில் சொல்கின்றன" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சரியில்லை.

நம் தாந்திரிக நூல்களுக்குள்ளேயே எண்ணிக்கை ஒத்துப்போகாது. பௌத்த ஹேவஜ்ர தந்திரத்தில் நான்குதான்: தொப்புளில் 64 இதழ், இதயத்தில் 8, தொண்டையில் 16, தலையில் 32. இன்று எல்லோரும் சொல்லும் வரிசை பரவியது 1577இல் பூர்ணானந்தர் எழுதிய ஷட்சக்ர நிரூபணத்தால். பிரிட்டிஷ் நீதிபதி ஜான் உட்ரஃப் அதை 1919இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். தலைப்பே ஆறு சக்கரம் என்கிறது. உச்சந்தலையில் உள்ள சகஸ்ராரம் அவற்றுக்கு மேலே தனி.

நிறம்? அந்த நூலில் அநாகதத்தின், அதாவது இதயச் சக்கரத்தின், இதழ்கள் பந்தூக மலர் போலச் சிவப்பு. வானவில் வரிசையில் அதற்குச் சொல்லும் பச்சை இல்லை! புருவ மத்தியில் உள்ள ஆக்ஞை நிலவு போல வெண்மை. சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வானவில் வரிசை 20ஆம் நூற்றாண்டில் மேற்கில் சேர்ந்தது.

சீனத் தாவோயியத்தில் மூன்று தான்தியன்கள். அவை இதழும் எழுத்தும் கொண்ட தாமரைகள் இல்லை, சி என்னும் உயிர்ச் சக்தியைச் சேர்த்துப் பக்குவப்படுத்தும் இடங்கள். அங்கே சக்தி முதுகு வழியாக ஏறி, முன்பக்கமாக இறங்கிச் சுற்றிவரும். குண்டலினி சக்தி முதுகுத்தண்டின் அடியிலிருந்து உச்சிக்கு ஏறுவதோடு இதை அப்படியே பொருத்த முடியாது.

சூஃபிகள் சொல்லும் நுண் மையங்களான லதாயிஃப் இன்னும் தெளிவான உதாரணம். நக்ஷபந்தி என்ற சூஃபி மரபின் முஜத்திதி கிளையில் கல்பு (இதயம்) இடது மார்புக்குக் கீழே, ரூஹ் (ஆன்மா) வலது மார்புக்குக் கீழே. முதுகுத்தண்டு வரிசையில் இவை இரண்டையும் எங்கே வைப்பீர்கள்?

ஒற்றுமையே இல்லை என்று சொல்லவில்லை. சைவ, பௌத்த தந்திரங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று நிறையவே எடுத்துக்கொண்டவை. அந்த ஒப்பீட்டுக்கு ஆதாரம் உண்டு.